வெர்னாவின் செவ்வாய்க்கிழமைகள்

எழுபத்தொன்பது வயது வரை வெர்னா ஹாஸ்டெட்டர் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. மற்றவர்கள்தான் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். லிட்டிட்ஸ் ஊருக்கு வெளியே அவள் வீட்டைச் சுற்றியிருந்த தோட்டத்தைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும். பகலெல்லாம் பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று ஓட்டுநர்களை வாக்கி-டாக்கியில் அதட்டிக்கொண்டிருப்பாள். வீடு வந்ததும் செருப்பை மாற்றிக்கொண்டு மண்ணில் இறங்கிவிடுவாள். கணவர் லாயிட் அலுவலகங்களில் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். மாலையில் வாசலில் நாற்காலி போட்டு வானொலியில் பேஸ்பால் வர்ணனை கேட்பார். அவள் மண்வெட்டியும் கையுமாகக் கடந்து போகும்போது காலை மடக்கி வழி விடுவார். தோட்டத்தில் அவர் செய்த உதவி அவ்வளவுதான் என்று வெர்னா எல்லோரிடமும் சொல்லுவாள்.

முதலில் அவளுடைய இடது முழங்கால் போயிற்று. பிறகு வலது. ஒன்றை மாற்றினார்கள், ஒழுங்காக நடந்தது. இன்னொன்றை மாற்றியபோது சீழ் வைத்துவிட்டது. தோட்டத்தை வைத்துக்கொண்டு இனி ஆகாது என்று தெரிந்ததும், வீட்டை விற்றுவிட்டு வால்நட் பெண்ட் முதியோர் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் வெர்னாதான். அங்கே சாப்பாட்டுக் கூடம் எப்படி, மருத்துவர் எத்தனை மணிக்கு வருவார் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. வீடுகளைச் சுற்றி வகைவகையாக மரங்கள் நட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர்த்தகடு மாட்டியிருந்தார்கள். சரிவுக்குக் கீழே ஓடை வரைக்கும் காடும் புல்வெளியுமாக விட்டு வைத்திருந்தார்கள். அதையெல்லாம் பராமரிப்பது அங்கே குடியிருப்பவர்களேதான். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கூட்டம் கத்தரியும் கையுறையுமாகக் கீழே இறங்கும். வெர்னா பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அதில் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் குளிர்காலம் முடிவதற்குள் முழங்கால் மறுபடியும் வீங்கியது. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வழவழப்பான தரையில் நடக்கலாம், மேடு பள்ளத்தில் கால் வைக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை, தன்னால் வர இயலாது என்று சொல்லிவிட்டு வரும்படி லாயிட்டை அனுப்பினாள்.

சொல்லப் போனவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார். கால்சட்டையெல்லாம் ஒட்டுமுள். புறங்கையில் கீறல். முகத்தில் அவள் நெடுநாளாகப் பார்க்காத ஒரு களை.

"அந்த நோரீன் என் கையில கத்தரியக் குடுத்துட்டா, வெர்ன்," என்றார். "சும்மா நிக்கறதுக்கு இத வெட்டுங்கன்னா. நேரம் போனதே தெரியல."

வெர்னா சிரித்தாள். கை கழுவிவிட்டு வா, சூப் ஆறுகிறது என்றாள். ஒரு நாள் கூத்து என்று நினைத்தாள். அடுத்த செவ்வாயும் போனார். அதற்கடுத்த செவ்வாயும். வசந்தம் வந்தபோது வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது.

நோரீன் ப்ரூயிட் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. ஒஹாயோ பக்கத்தில் ஒரு பள்ளியில் பேண்டு வாத்தியக் குழுவை நடத்தியவள். கணவர் இறந்து பல வருடம். வெர்னாவைவிட ஐந்தாறு வயது இளையவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, முதுகு வளையாமல் சரிவில் ஏறி இறங்குவாள். வெர்னா அவளிடம் முதலில் பார்த்தது அந்த முழங்கால்களைத்தான்.

வீட்டில் இப்போது புதுப் பேச்சு தொடங்கியது. லாயிட் தினமும் ஒரு செடியின் பெயரோடு வந்தார். பூண்டு வாசமடிக்கும் காட்டுக்கடுகு என்று ஒன்று இருக்கிறதாம், விட்டால் காட்டையே மூடிவிடுமாம், பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டுமாம். பட்டையைச் சுரண்டினால் மணக்கும் புதர் ஒன்று இருக்கிறதாம். ஆறு வயதிலேயே அந்த இலையைக் கசக்கி முகர்ந்து வளர்ந்த வெர்னா, காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்று சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, நோரீன் அதைப் பற்றி இன்னும் என்ன சொன்னாள் என்று தொடருவார். நோரீன் இப்படிச் சொன்னாள், நோரீன் அப்படிச் சிரித்தாள். அந்த வீட்டில் உப்பைவிட நோரீன் அதிகமாகப் புழங்கினாள்.

வெர்னா பறவை பார்ப்பதற்கென்று ஒரு தொலைநோக்கி வரவழைத்தாள். படுக்கையறை ஜன்னலிலிருந்து புல்வெளியின் ஒரு பகுதி தெரியும். பறவைகளும் வந்தன, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் தொலைநோக்கி வானத்தின் பக்கம் திரும்புவதில்லை. லாயிட்டின் வைக்கோல் தொப்பியைத் தேடிப் பிடிக்கும். அதற்குப் பக்கத்தில் நீலத் தலைக்குட்டை இருக்கிறதா என்று பார்க்கும். பெரும்பாலும் இருந்தது. ஒருமுறை நோரீன் அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்த முள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். லாயிட் பசுமாடு மாதிரி அசையாமல் நின்றிருந்தார். வெர்னா தொலைநோக்கியை இறக்கி வைத்தாள், மறுபடி எடுத்தாள். இந்த வயதிலா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் பொறாமை அடங்குகிற மாதிரி இல்லை.

அவர் தப்புத் தண்டாவுக்குப் போகிறவர் அல்ல என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சந்தேகமாக இருந்திருந்தால்கூட நேராகக் கேட்டுவிடலாம். இது வேறு. ஐம்பது வருடம் தனக்கு ஒரு வாளி தண்ணீர் தூக்கித் தராத மனிதர் இன்று யாரோ ஒருத்திக்கு வண்டி வண்டியாக மரத்தூள் தள்ளுகிறார். அதுவும், தான் பெயர் கொடுத்த இடத்தில், தன் கால்கள் போயிருக்க வேண்டிய பாதையில்.

கோடையில் ஓடை பெருகியது. ஆஷ் மரங்கள் வண்டு அரித்துப் பட்டுப்போன இடத்தில் வசந்தத்தில் ஓக்கும் ஹிக்கரியுமாகக் கன்றுகள் வைத்து, மான் கடிக்காமல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பிளாஸ்டிக் குழாய் நிறுத்தியிருந்தார்கள். வெள்ளம் வடிந்தபோது குழாய்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. லாயிட் தனியாகவே தினமும் கீழே போய் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, முளைக் கம்பை அடித்து, சேற்றை வழித்துக் கன்றுகளைக் காப்பாற்றினார். குடியிருப்பு முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் வெர்னாவுக்கு முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து, உங்கள் கணவர் கை வைத்தால் பட்ட மரமும் துளிர்க்கும் என்றார்கள். அவள் புன்னகை செய்தாள். தட்டைப் பாதியில் நகர்த்தி வைத்தாள்.

செப்டம்பர் கடைசியில் தொண்டர்களுக்கு விருந்து வைத்தார்கள். கோழியும் சோளமும் போட்ட சூப், உருளைக்கிழங்கு சாலட், வரிசையாகப் பழம் வைத்துச் சுட்ட இனிப்புகள். நோரீன் எழுந்து, வருடம் முழுக்க நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். கடைசியில் லாயிட்டைக் கூப்பிட்டு, ஆஷ் மரத்துண்டில் அவர் பெயரைச் சுட்டு எழுதியிருந்த பலகையைக் கொடுத்தாள். கைதட்டல் அடங்கியதும் வெர்னா பக்கம் திரும்பி, நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்: "வெர்னா, நீங்க குடுத்து வச்சவங்க. இப்படி ஒரு தோட்டக்காரரோட வாழ்ந்தீங்களே, உங்க வீட்டுத் தோட்டம் எப்படி இருந்திருக்கும்!"

வெர்னா நடைவண்டியைப் பிடித்து எழுந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "ஆனா இந்த மனுஷன் அதுல ஒரு புல்லக்கூடப் பிடுங்கினதில்ல. நான் முட்டி தேயத் தேயக் கொத்தினேன், இவரு நாற்காலியில உக்காந்து ஆட்டம் கேட்டாரு. இப்போ உங்களுக்கு வந்து செய்றாரு. செய்யட்டும். ஆனா தோட்டக்காரருன்னு என்கிட்ட சொல்லாதீங்க."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பாதியிலேயே இருமலாக மாற்றிக்கொண்டார். லாயிட் பலகையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நடைவண்டியின் வேகத்துக்கு ஏற்ப அவள் கூடவே மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தார். கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் கேட்கவும் இல்லை. முதல் நாள் வெர்னாவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே தோன்றியது. இரண்டாம் வாரம் அந்த நாற்காலியைப் பார்க்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை, ரொட்டியில் ஆப்பிள் ஜாம் தடவிக்கொண்டே, உன்னை நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லையே என்றாள்.

லாயிட் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"உனக்கு அந்த பாப்பி நாத்து ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. அவர்களுடைய எல்லா நண்பர்களுக்கும் தெரிந்த கதை அது. கல்யாணமான புதிதில், அவள் ஊருக்குப் போயிருந்த நேரம், திரும்பி வந்து பார்த்து மகிழட்டும் என்று லாயிட் சமையலறைக்கு வெளியே இருந்த பாத்தி முழுவதையும் களையெடுத்து வைத்தார். அவர் பிடுங்கியது களை அல்ல, அவள் விதை போட்டு முளைத்திருந்த பாப்பிப் பூ நாற்றுகள். அவள் வாசலில் நின்று அழுதாள். இனி தோட்டத்துப் பக்கம் கால் வைக்காதே என்றாள். அப்புறம் அதை எத்தனை விருந்துகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள்! கைகளைப் பெருமையாக இடுப்பில் வைத்துக்கொண்டு லாயிட் நின்ற மாதிரியே நின்று காட்டுவாள்.

"அது வேடிக்கைக்குச் சொன்னது," என்றாள்.

"தெரியும். நானும் சிரிச்சேனே." அவர் ரொட்டித் துண்டை நகர்த்தி வைத்தார். "அதுக்கப்புறம் ரெண்டு தடவ மண்வெட்டிய எடுத்தேன், வெர்ன். ரெண்டு தடவயும் நீ வந்து என் கையிலேருந்து வாங்கிக்கிட்ட. சரி, நாற்காலிதான் நமக்குன்னு விட்டுட்டேன். கீழ வேலைக்குப் போன முதல் நாளே நான் வெட்டக் கூடாத ஒண்ண வெட்டிட்டேன். நல்ல டாக்வுட் பூமரக் கன்னு. நோரீன் பாத்தா. 'சரி, அது போச்சு, அடுத்ததப் பாருங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா."

மண்வெட்டியை வாங்கிக்கொண்டது வெர்னாவுக்கு நினைவே இல்லை. ஆனால் வாங்கியிருப்பாள் என்பதில் சந்தேகமும் இல்லை. அவள் அப்படித்தான். அன்று முழுக்க வெட்கம் ஒரு பக்கமும், நோரீன் மேல் ஒரு புது எரிச்சல் மறுபக்கமும் அவளைப் பிடுங்கின. இதுவரை அவளுடைய கால்களைப் பார்த்து எரிந்தவள், இப்போது அவளுடைய வாயைப் பார்த்து எரிந்தாள். 'சரி, அது போச்சு.' அந்த மூன்று வார்த்தை தனக்கு ஏன் வரவில்லை?

மறுநாள் வெர்னாவே நோரீனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். லாயிட் செவ்வாய்க்கிழமை வருவார் என்றாள். அன்று தானும் கீழே வந்து பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

நோரீன் மின்சார வண்டியை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்தாள். லாயிட் முன்பே நடந்து போய்விட்டிருந்தார். வெர்னாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, நடைவண்டியைப் பின்னால் கட்டி, சரிவில் மெல்ல இறக்கினாள். பாதி வழியில் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "அன்னைக்கு விருந்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"பிடிக்கலதான்," என்றாள் வெர்னா. "அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க."

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உங்க வீட்டுக்காரரு வாயத் திறந்தா 'வெர்னா இப்படிப் பண்ணமாட்டா, வெர்னா இத இப்படிப் பிடிப்பா.' கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. மத்தவங்க ஒத்தையா வேலைக்கு வர்றாங்க. இவரு உங்களத் தோள்ல தூக்கிக்கிட்டு வர்றாரு."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவள் இந்தப் பெண்ணுக்குக் காட்ட விரும்பவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு, அதோ அந்த ஹிக்கரிக்கு நல்ல வயது இருக்கும் என்றாள்.

அன்று இலையுதிர்கால நடவு தொடங்கும் நாள். தொட்டிக் கன்றுகள் ஓடைக்கரையில் வரிசையாக இருந்தன. வெர்னா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி லாயிட் மண்டியிட்டுக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். கன்றை இறக்கினார். மண்ணைத் தள்ளினார். இரண்டு கையாலும் தட்டி அமுக்கினார். நிமிர்ந்து வெர்னாவைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் என்றைக்குப் பார்த்தாளோ!

கன்று வேண்டியதைவிட நாலு விரல் ஆழமாகப் புதைந்திருந்தது. தண்டு அடிப்பக்கம் விரிந்து வேராகப் பிரியும் கழுத்து மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். அதை மூடினால் மரம் உடனே சாகாது. சில வருடம் தழைக்கிற மாதிரி ஏமாற்றிவிட்டு, மெல்ல அழுகிப் போகும். வெர்னாவின் நாக்கு நுனிக்கு வார்த்தை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நோரீனைப் பார்த்தாள். நோரீனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வீட்டுக்குப் போனப்புறம் தூக்கி வச்சுடுவேன்," என்றாள் நோரீன் தாழ்ந்த குரலில். "வசந்தத்துலயும் அப்படித்தான். அவருக்குத் தெரியாது."

"எல்லாத்தையுமா?"

"கிட்டத்தட்ட எல்லாத்தையும். ரெண்டு தடவ மெதுவாச் சொல்லிப் பாத்தேன். உடனே முகம் விழுந்துடுது." பிறகு கேட்டாள்: "சொல்லிடுவீங்களா?"

"தெரியல," என்றாள் வெர்னா. உண்மையாகவே தெரியவில்லை.

வீடு திரும்பிய பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முள் பிடுங்கியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தன் கணவரின் தப்பை ஒருத்தி வசந்தத்திலிருந்தே ஓசைப்படாமல் மூடி வைத்திருக்கிறாள். அவள் கண்ணுக்கு அவர் குழந்தை மாதிரி, காப்பாற்ற வேண்டியவர். அந்த இடம் மனைவியுடைய இடம். வெர்னா அங்கே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பதும், அதை இன்னொருத்தி துடைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் சேர்ந்து அவளை வதைத்தன. இப்போது அவள் கையில் ஒரு கத்தி இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். உன் மரங்களையெல்லாம் அவள் பிடுங்கித் திரும்ப நடுகிறாள், உனக்குத் தெரியுமா? அவ்வளவு சொன்னால் போதும். லாயிட் மறுபடி நோரீன் முகத்தில் விழிக்க மாட்டார்.

சாப்பாட்டின்போது லாயிட்டே அந்தப் பேச்சை எடுத்தார்.

"நான் நட்டது ஒண்ணுகூடச் சாகலயாம், வெர்ன். நோரீன் எல்லார்கிட்டயும் சொல்றா. எனக்குக் கை ராசியாம்."

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் கோப்பையை எடுத்து முழுவதையும் குடித்தாள். வார்த்தையும் தண்ணீரோடு இறங்கிப் போயிற்று.

"கன்னெல்லாம் நல்ல கன்னா இருந்துச்சு," என்றாள்.

சொல்லாமல் விட்டாள் என்பதற்காக வெர்னா சும்மா இருந்துவிடுகிறவள் அல்ல. இரண்டு நாள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை நோரீனை அழைத்து, நடவேண்டிய தொட்டிகளைக் கீழே கொண்டு போகும் முன் கருவிக் கொட்டகைக்கு வெளியே மேசைமேல் வைக்கச் சொன்னாள். அங்கே தரை சமம், நடைவண்டியோடு போகலாம். உயரமான நாற்காலி ஒன்று போட்டு உட்கார்ந்து, தொட்டி தொட்டியாக மேல்மண்ணை விரலால் கிளறி, வேர்க் கழுத்து எங்கே இருக்கிறது என்று தேடினாள். அந்த இடத்தில் சிவப்புக் கம்பளி நூலைத் தளர்வாகச் சுற்றி முடிந்தாள். கன்றுக்கு ஒரு முடிச்சு. எல்லாருக்குமான ஏற்பாடாக அதைச் சொல்லும்படி நோரீனிடம் கேட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நோரீன் கூட்டத்துக்கு முன்னால் ஒரு கன்றைத் தூக்கிக் காட்டி, சிவப்பு நூல் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், நட்ட பிறகு அவிழ்த்துவிடலாம் என்றாள். யார் கட்டியது என்று ஒருவர் கேட்டார். வெர்னா என்று நோரீன் பதில் சொன்னாள். ஜன்னலில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்த வெர்னாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் வைக்கோல் தொப்பி மேல்நோக்கித் திரும்பி, அவள் ஜன்னலைத் தேடியதைப் பார்த்தாள்.

மதியம் வந்த லாயிட் சட்டைப்பையிலிருந்து நூல் துண்டுகளை அள்ளி மேசைமேல் போட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீவி நேராக்கினார்.

"நான் ரொம்ப ஆழமா நட்டுட்டிருந்தேன், இல்ல?" என்றார்.

"கொஞ்சம்."

"வசந்தத்துல நட்ட மரமெல்லாம்?"

வெர்னா ஒரு நூல் துண்டை எடுத்து விரலில் சுற்றினாள். "நிக்குது இல்ல?" என்றாள். "நிக்கறத எதுக்குத் தோண்டிப் பாக்கற?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று வெர்னாவுக்கு இன்றுவரை தெரியாது. நோரீனும் சொல்லவில்லை. பனி விழத் தொடங்கும் வரை கொட்டகை மேசைதான் வெர்னாவுக்கு இடமாயிற்று. வசந்தத்தில் முளைக்கட்டும் என்று ஹிக்கரிக் கொட்டைகளை மணல் பெட்டியில் புதைத்து, அணில் எடுக்காமல் மேலே கம்பிவலை போட்டாள். லாயிட் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். வலையைக் கோணலாகத்தான் ஆணி அடித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பொறாமை போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. கீழேயிருந்து அந்த இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் காற்றில் வந்தால் அவள் கை தானாக நிற்கும். அந்த ரப்பர் பூட்ஸைக் கண்டால் முழங்கால் வலி ஒரு படி கூடும். நன்றியறிதல் நாள் விருந்துக்கு, தனியாக இருக்கும் நோரீனைத் தங்கள் மேசைக்குக் கூப்பிடலாமா என்று லாயிட் தயங்கித் தயங்கிக் கேட்டார். கூப்பிடு, அதற்கென்ன என்றாள் வெர்னா. அன்று சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர்கள் இருவருக்கும் முன்பாகவே போனாள். மூன்று நாற்காலியில் நடு நாற்காலியை இழுத்துப் போட்டு, நடைவண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.